ஏழு ஆண்டுக் கில்டும் ஒன்றரை அங்குலமும்

கிளாஸ்கோவில் இருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "ஒரு திருமணத்துக்காகக் கில்ட் வாங்கப் போகிறேன். முழங்காலுக்கு மேலே நிற்க வேண்டுமா, கீழே இறங்க வேண்டுமா?" கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், பின்னால் கொசுவம் வைத்த கம்பளி உடை. அது முழங்கால் சில்லின் மேல்விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில் முடிய வேண்டும். பதில் இவ்வளவுதான். ஆனால் இதைச் சரியாகப் பிடிக்காமல் ஏழு ஆண்டுகள் நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் அவரைக் கடைக்கு அனுப்ப மனம் வரவில்லை.

என்னுடையது பிளாக் வாட்ச் எனப்படும் கரும்பச்சைக் கட்டம் போட்ட டார்ட்டன் துணி, 8 கஜம், கஜத்துக்கு 16 அவுன்ஸ் கனமுள்ள கம்பளி. எடின்பரோவில் சொல்லித் தைத்தது. துணியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஏழு குளிர்காலம் பார்த்தும் கரும்பச்சை வெளுக்கவில்லை. தூறல் பட்டால் உதறிவிட்டு உள்ளே போய்விடலாம். திருமண விருந்துகளில் கேய்லி என்னும் ஸ்காட்லாந்துக் குழு நடனம் தொடங்கி, ஸ்ட்ரிப் த வில்லோ ஆட்டத்தில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் சுழலும்போது, பின்புறக் கொசுவம் முழுவதும் உடம்பு திரும்பிய பிறகு ஒரு கணம் தாமதித்து விரியும். நின்றதும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தானே வந்து படியும். அந்தக் கனத்தை இடுப்பில் உணர்ந்தவர்களுக்கு வேறு உடை ருசிக்காது.

ஆனால் என் கில்ட் ஒன்றரை அங்குலம் நீளம் கூடுதல்.

கடையில் அளவை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். தொப்புள் மட்டத்திலிருந்து முழங்கால் வரை நானே டேப் பிடித்துப் பார்த்து 25½ அங்குலம் என்று எழுதினேன். உண்மையில் எனக்கு வேண்டியது 24. எண்ணைப் படிக்கக் கீழே குனிந்த நொடியிலேயே இடுப்பு முன்னால் சாய்கிறது, டேப்பின் நுனி முழங்காலைத் தாண்டி இறங்கிவிடுகிறது. என் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் கில்ட் தைத்த கடைக்கு இது தெரியாதா? "மண்டியிட்டு, முதுகை நிமிர்த்தி, நேரே பாருங்கள், வேறொருவர் அளக்கட்டும், ஓரம் தரைக்கு ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும்" என்று இரண்டு வரி எழுதியிருக்கலாம். என் உயரத்தைக் கேட்டிருந்தால்கூட ஏதோ இடிக்கிறது என்று பிடித்திருப்பார்கள்.

ஒன்றரை அங்குலம்தானே, ஓரத்தை மடித்து அடித்துவிடலாம் என்று நானும் நினைத்தேன். கில்டுக்கு மடித்துத் தைத்த ஓரமே கிடையாது. பட்டுப் புடவையின் கரையைப் போல, தறியிலேயே முடிந்து வந்த விளிம்புதான் கீழ் ஓரம். அதை மடித்தால் அடுக்கடுக்கான கொசுவத்தின் அடியில் துணி இரட்டித்துப் புடைக்கும், ஆட்டம் செத்துப்போகும். ஆகவே குறைப்பதானால் மேலிருந்துதான் குறைக்க வேண்டும். அங்கேதான் தையற்காரரின் உழைப்பு முழுவதும் இருக்கிறது: இடுப்பிலிருந்து புட்டம் வரை ஒவ்வொரு மடிப்பும் மேலே போகப் போகக் குறுகும்படி கையால் தைத்திருக்கிறார்கள்.

அதனால் ஏழு ஆண்டுகள் இழுத்து மேலே கட்டி ஒப்பேற்றினேன். விருந்தில் இரண்டாவது தட்டு முடிவதற்குள் தோல் வார் விலா எலும்பின் கீழே அழுந்தும். கொஞ்சம் தளர்த்தினால் போதும், முழங்கால் மறைந்துவிடும். நிலைக்கண்ணாடியில் பார்த்தால் கால் குட்டையான ஆள் யாரோ நிற்பது போலிருக்கும். மழை நாளில் இன்னும் மோசம். நனைந்த கம்பளி விளிம்பு முழங்காலின் பின்மடிப்பில் நடைக்கு நடை உராயும். வீடு வந்து பார்த்தால் சிவந்த கோடு. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கில்ட் அணிந்து நின்ற ஸ்காட்லாந்துப் படையினருக்கு, சேறு உறைந்து விறைத்த விளிம்பு காலையே அறுத்தது. என் வலி அதன் அருகில்கூட வராது. ஆனால் படித்த அன்று அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

குட்டையாகப் போனாலும் அழகில்லை. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது முழங்காலுக்கு நன்றாக மேலே நின்ற கில்டும் அதன் கீழே காலோடு ஒட்டிய தோல்நிறக் காற்சட்டையுமாகத் தோன்றினார். கேலிச் சித்திரக்காரர்கள் அவரை விடவில்லை. காலுறையின் மேல்மடிப்புக்கும் கில்டின் விளிம்புக்கும் நடுவே முழங்கால் மட்டும் தெரிய வேண்டும். அந்தச் சிறு இடைவெளிதான் முழு உடைக்கும் கணக்கு.

சென்ற மாதம் பொறுமை போய்விட்டது. ஓர் அம்மாளிடம் கொடுத்தேன். பட்டை, வார், உள்துணி எல்லாவற்றையும் பிரித்து, மேலே ஒன்றரை அங்குலம் வெட்டி, மடிப்புகளை மறுபடி குறுக்கி, தையலைக் கீழே நீட்டித் தந்தார். புதுக் கில்டின் விலையில் மூன்றில் ஒரு பங்கு செலவு. இப்போது சரியாக நிற்கிறது. ஆனால் பின்னால் வலப்பக்கம் மூன்றாவது மடிப்பில் ஒரு கறுப்புக் கோடு நூலளவு விலகியிருக்கிறது. யார் கண்ணுக்கும் படாது என்கிறார் மனைவி. என் கண்ணுக்குப் படுகிறது.

எனவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்றால், ஆமாம், அந்தக் கோட்டை இன்று காலையும் பார்த்தேன். இந்தத் திருமணத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மீறி வாங்குவதானால் ஒரு நாள் லீவு போட்டுக் கடைக்கு நேரில் போங்கள். மண்டியிடச் சொன்னால் மண்டியிடுங்கள், எதிர்ச்சுவரைப் பாருங்கள், டேப்பை மட்டும் நீங்கள் தொடாதீர்கள்.