மார்செயின் காற்றுக் குறியீடு: நிறத்தோடு நின்றுவிடாதீர்கள்

மார்செயில் காலையில் வானிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சேவை அத்மோசுத். பிரான்சின் தென்கிழக்குக் கரையோரப் பகுதிக்குக் காற்றை அளந்து சொல்ல அரசின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு இது. கட்டணம் கிடையாது. இன்றைக்கும் நாளைக்கும் ஊருக்கு ஒரு நிறம் என்று குறியீடு போடுகிறார்கள். வேலை நேர்த்தியானதுதான். ஆனால் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

முதலில் பச்சை. 2021 ஜனவரி முதல் நடப்பில் உள்ள அளவுகோலில் ஆறு படிகள். 'நல்லது' என்பதன் நிறம் நீலப்பச்சை. பச்சை இரண்டாவது படி, 'நடுத்தரம்'. பிஎம்2.5 நுண்துகளுக்கு இந்தப் பச்சை கன மீட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை நீள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன ஒரு நாள் வரம்போ 15. ஆக, 12 என்றாலும் பச்சை, 19 என்றாலும் பச்சை. ஆஸ்துமா உள்ள வீடுகளில் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. பிஎம்10 (சற்றுப் பெரிய துகள்களையும் சேர்த்த அளவு), பிஎம்2.5, ஓசோன், நைட்ரஜன் டையாக்சைடு, கந்தக டையாக்சைடு ஆகிய ஐந்தில் எது மோசமோ, அதன் படியே ஊரின் நிறம். ஒரு ஜூலை நாளில் பிஎம்10 24, பிஎம்2.5 9, ஓசோன் உச்சம் 132 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓசோன் 130-ஐத் தாண்டியதால் நாள் முழுக்கச் சிவப்பு, 'மோசம்'. ஆனால் அந்த 132 பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு வரும் எண். அதே நாள் காலை ஏழு மணிக்கு ஓடப் போனால் ஓசோன் தொல்லை மிகக் குறைவு. சிவப்பைப் பார்த்துக் காலை ஓட்டத்தை விட்டுவிட்டு மாலை ஐந்து மணிக்குக் கிளம்புவதுதான் தவறு.

துகள்களில் கதை தலைகீழ். அங்கே உச்சம் கணக்கில் வராது, 24 மணி நேரச் சராசரிதான். பிஎம்10 இரண்டு மணி நேரம் 160, மீதி நேரம் 15 என்றால் சராசரி 27; நிறம் பச்சை. அந்த இரண்டு மணி நேரம் குறியீட்டில் காணாமலே போய்விடும். போதாக்குறைக்கு, சுமார் 240 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஊருக்கு ஒரே நிறம். கலாங்க் பாறைக் கரையும் ரபத்தோ சாலை நெரிசலும் ஒன்றாகிவிடுமா? அதனால் நிலைய அளவீடுகளுக்குப் போங்கள். பூங்காவுக்குள் இருக்கும் லோன்ஷான் நிலையம் ஊரின் பொதுக் காற்றைக் காட்டும். ரபத்தோ நிலையம் வாகனப் புகையைக் காட்டும். இந்த மணிவாரி எண்களே இச்சேவையின் உயிர்.

கோடையில் காற்றின் திசையையும் சேர்த்துப் பாருங்கள். ரோன் பள்ளத்தாக்கு வழியே வரும் மிஸ்ட்ரல் என்ற வடகாற்று பலமாக அடித்தால் மாசு துடைத்துப்போகும். அது ஓய்ந்து, வெயில் ஏறி, கடற்காற்று தொடங்கினால் நகரப் புகை உள்நாட்டுப் பக்கம் நகர்ந்து, போகும் வழியில் ஓசோனாக மாறும். உள்நாட்டில் இருக்கும் ஏக்ஸ் நகரப் பக்கம் ஓசோன் கூடுவது இப்படித்தான். நெரிசல் சாலையில் ஓசோன் குறைவாகத் தெரிந்தால் மகிழ வேண்டாம். வண்டிப் புகையின் நைட்ரிக் ஆக்சைடு அதைத் தின்று நைட்ரஜன் டையாக்சைடாகிறது. ஓசோன் நாளில் மதியம் ஒன்றிலிருந்து இரவு எட்டு வரை ஜன்னலைச் சாத்தி வையுங்கள். துகள் முகக்கவசம் ஓசோனை நிறுத்தாது; துகள் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியும் நிறுத்தாது, கரி வடிகட்டி வேண்டும்.

தெற்கிலிருந்து சிரோக்கோ என்ற காற்று வந்தால் சகாராத் தூசி. மழை பெய்தால் கார் மேல் செம்மண் திட்டு விழும். இதைக் கண்டுபிடிக்க பிஎம்2.5-ஐ பிஎம்10-ஆல் வகுத்துப் பாருங்கள். பிஎம்10 55, பிஎம்2.5 14 என்றால் விகிதம் சுமார் 0.25, பெருந்துகள், தூசிதான். எஃப்எஃப்பி2 முகக்கவசம் இதற்கு உதவும். குளிர்காலத்தில் காற்றசையாத மாலைகளில் விகிதம் 0.7-க்கு மேல் போனால் விறகடுப்புப் புகையையும் வாகனப் புகையையும் சந்தேகியுங்கள். அப்போது ஜன்னல் திறக்க நல்ல நேரம் நண்பகல்.

துறைமுகத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஒரு நல்ல மாற்றம்: 2025 மே 1 முதல் மத்தியதரைக் கடலில் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பு 0.5 சதவீதத்திலிருந்து 0.1 ஆகியிருக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளை இந்த விதி தொடவில்லை. அந்த எண்ணைத் தனியாகக் கவனியுங்கள்.

மகரந்தம் இந்தக் குறியீட்டில் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் சைப்ரஸ் மரங்கள் மகரந்தம் உதிர்க்கும்போது மிஸ்ட்ரல் அடித்தால், நிறத்தில் அது தெரியாது, கண் மட்டும் எரிந்து நீர் கொட்டும். அந்த வாரங்களில் மகரந்த அறிக்கையைத் தனியே பார்த்து, துணியை வீட்டுக்குள் காய வையுங்கள்.