முன்னோட்டம் வெட்டிப் பழக டாவின்சி ரிசால்வ்

திரைப்பட முன்னோட்டம் தயாரிக்கப் பழகுபவர்கள் பெரும்பாலும் ஆயத்த வார்ப்புருக்களிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆப்பிளின் ஐமூவியில் அந்த வசதி உண்டு. கதைக்கேற்ற வகையைத் தேர்ந்தெடுத்து, காலிக் கட்டங்களில் ஷாட்களை இட்டு, படத்தின் பெயரை எழுதிவிட்டால், இசையுடன் ஒரு ட்ரெய்லர் தயாராகிவிடும். அண்மைக் காட்சி எங்கே வரவேண்டும், எழுத்து எங்கே விழவேண்டும் என்பதை அது நன்றாகவே காட்டுகிறது. ஆனால் எந்த இடத்தில் வெட்டுவது என்ற முடிவை வார்ப்புருவே எடுத்துவிடுவதால், பழகவேண்டிய வேலை பழகுபவரின் கைக்கு வருவதே இல்லை. அதற்கு பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் டாவின்சி ரிசால்வ் மென்பொருளையே நான் பரிந்துரைப்பேன். அதன் இலவசப் பதிப்பே போதும்.

நிறத்திருத்தத்துக்காகப் பெயர்பெற்ற இம்மென்பொருளில், ஒலிக்கான ஃபேர்லைட் பகுதி 2017இலும், காட்சி விளைவுகளுக்கான ஃப்யூஷன் பகுதி 2018இலும் சேர்ந்தன. முன்னோட்டத்துக்கு இவற்றுள் முக்கியமானது ஒலிதான். காட்சிகளையும் ஒலியையும் நேர வரிசையில் அடுக்கும் டைம்லைனில் இசையை முதலில் இட்டு, அதை ஓடவிட்டபடியே தாளம் விழும் இடங்களில் எம் விசையைத் தட்டினால், அங்கங்கே குறிகள் விழுகின்றன. ஷாட்டின் விளிம்பை அருகில் இழுத்தால் அது குறியோடு ஒட்டிக்கொள்கிறது. சரியாகத் தாளத்திலேயே விழும் வெட்டு சில வேளைகளில் தாமதமாகத் தோன்றும். அப்போது வெட்டைத் தேர்ந்தெடுத்துக் காற்புள்ளி விசையை அழுத்தினால், அது ஒரு ஃப்ரேம் முன்னே நகர்கிறது. நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் டைம்லைனில் இது ஏறத்தாழ 42 மில்லிநொடிதான் என்றாலும், கதவு அறைந்து திரை இருளும் இடத்தில் அந்த வேறுபாடு தெளிவாகப் புலப்படுகிறது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒலியின் விளிம்பை மட்டும் இழுத்து, அடுத்த காட்சியின் வசனத்தை முந்தைய காட்சியின் மேலேயே ஒலிக்கவிடும் 'ஜே கட்' உத்தியையும் எளிதில் பழகலாம். தொடர்பில்லாத காட்சிகளைக் கதைபோல் கோர்க்க முன்னோட்டக்காரர்கள் அதிகம் நம்புவது இந்த உத்தியைத்தான். (இசையே நின்றுபோகும் அரை நொடிக்கும் இதே கவனம் தேவை; புதியவர்கள் அதை ஏனோ நிரப்பிவிடவே பார்க்கிறார்கள்.)

படத்தின் பெயருக்கான எழுத்துக் கருவிகள் தேவைக்கு மேலாகவே உள்ளன.

குறைகளும் இல்லாமலில்லை. இரைச்சல் நீக்கம் உள்ளிட்ட சில வசதிகள் கட்டணப் பதிப்பில் மட்டுமே கிடைக்கின்றன. இலவசப் பதிப்பில் 3840 x 2160 அளவுக்கும் நொடிக்கு 60 ஃப்ரேமுக்கும் மேல் ஏற்றுமதி செய்ய இயலாது. பழகுபவருக்கு இது ஒரு தடையே அல்ல. உண்மையில் சோதிப்பது கணினியின் வலிமைதான். கிராஃபிக்ஸ் அட்டை சுமாராக இருந்தால் படம் திக்கித் திக்கி ஓடும், அந்நிலையில் தாளத்துக்கு வெட்டுவது இயலாத காரியம். ஆகவே, தொடங்கும்போதே, வெட்டும்போது அசல் காட்சிகளுக்குப் பதிலாக ஓடும் சிறிய அளவிலான ப்ராக்ஸி கோப்புகளை உருவாக்கிக்கொள்வது நல்லது. டைம்லைனில் காட்சிகளை இட்ட பிறகு அதன் ஃப்ரேம் வேகத்தை மாற்ற முடியாது என்பதால், அதையும் முன்னதாகவே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பயிற்சி நூல்களையும் அவற்றுக்குரிய காட்சிக் கோப்புகளையும் நிறுவனமே தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது. சொந்தமாகப் படம் பிடிக்காதவர்கள் அந்தக் கோப்புகளையே எடுத்து, ஒரே காட்சித் தொகுப்பிலிருந்து திகிலுக்கு ஒன்றும் நகைச்சுவைக்கு ஒன்றுமாக இரண்டு முன்னோட்டங்களை வெட்டிப் பார்க்கலாம்.