மாதவரத்தில் ஹெவி லைசென்ஸ் பயிற்சி: ஓட்டக் கற்றுத் தருகிறார்கள், தகுதியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்

மாதவரம் ரவுண்டானாவுக்கு அருகில் இயங்கும் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பேருந்து ஓட்டும் பயிற்சியை அண்மையில் முடித்தேன். பள்ளியின் பெயரை நான் எழுதவில்லை. இங்கே சொல்லப்போகும் குறை அந்த ஒரு பள்ளிக்கு மட்டும் உரியதல்ல என்பது, அதே வட்டாரத்தில் விசாரித்த மற்ற இடங்களிலும் தெரிந்தது. வண்டியைக் கையில் கொடுத்துப் பழக்குவதில் அவர்கள் நல்லவர்கள். வந்து நிற்பவருக்கு உரிமம் பெறும் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் அலட்சியம்.

கட்டணத்தை வாங்குமுன் அவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கார் உரிமம் எடுத்து ஓராண்டு ஆகிவிட்டதா என்பது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, இலகுரக வாகன உரிமத்தை ஓராண்டாவது வைத்திருந்தவருக்கே பேருந்து, லாரி போன்ற போக்குவரத்து வாகனத்துக்கான எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் கிடைக்கும். 4ஆம் பிரிவு, 20 வயது நிரம்பாதவர் பொது இடத்தில் அத்தகைய வாகனத்தை ஓட்டக் கூடாது என்கிறது. நான் சேர்ந்த காலத்தில் வியாசர்பாடியிலிருந்து வந்த ஓர் இளைஞரிடம் வயதை மட்டும் கேட்டு முன்பணம் வாங்கிவிட்டார்கள். பிறகு விண்ணப்பம் நிரப்பும்போது, "லைசென்ஸ் எடுத்து மூணு வருஷம் ஆச்சுண்ணா" என்று அவர் சொல்ல, "அது பைக்குக்கு தம்பி, காரை நீ போன தீபாவளிக்கு அப்புறம்தானே சேர்த்திருக்க" என்று அட்டையைத் திருப்பிக் காட்டினார் பயிற்சி தரும் மாஸ்டர். உரிம அட்டையின் பின்புறத்தில் ஒவ்வொரு வாகன வகுப்புக்கும் தனித்தனித் தேதி அச்சாகியிருக்கும், எல்.எம்.வி. (இலகுரக வாகனம்) என்ற வரிக்கு நேரே உள்ள தேதியே கணக்கு. அதைப் பார்க்க அரை நிமிடம் போதும். முன்பணத்தைத் திருப்பித் தராமல், 'அடுத்த வருஷம் வந்தால் கழித்துக்கொள்கிறோம்' என்று அவரை அனுப்பியது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதற்கு நேர்மாறாக, இல்லாத தகுதி ஒன்றையும் கேட்கிறார்கள். போக்குவரத்து வாகன ஓட்டுநர் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மத்திய அரசு 2019இல் விதிகளிலிருந்தே நீக்கிவிட்டது. ஆனாலும் பள்ளியின் சுவரில் ஒட்டியிருக்கும் ஆவணப் பட்டியலில் எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ் இன்னும் இடம்பெற்றிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் தயங்கித் திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேரோ! படிப்பு தேவைப்படுவது வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 2025இல் ஓட்டுநருடன் நடத்துநர் பணிக்கு ஆள் எடுக்க அறிவித்தபோது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 24 வயது, 160 செ.மீ. உயரம், கனரக வாகனம் ஓட்டிய 18 மாத அனுபவம், பயணிகள் வாகன ஓட்டுநருக்கான பேட்ஜ், நடத்துநர் உரிமம், முதலுதவிச் சான்று ஆகியவற்றைக் கேட்டன. உரிமத்துக்கு வேண்டிய தகுதி வேறு, மாநகரப் பேருந்தில் வேலைக்கு வேண்டிய தகுதி வேறு என்பதை எடுத்துச் சொல்ல வரவேற்பறையில் யாரும் இல்லை. இருபது வயதில் உரிமம் வாங்கியதும் அரசுப் பேருந்து ஓட்டலாம் என்ற நம்பிக்கையோடுதான் பலர் சேர்கிறார்கள்.

மருத்துவச் சான்று விஷயத்திலும் கவனம் வேண்டும். போக்குவரத்து வாகனத்துக்கு எந்த வயதினரும் படிவம் 1ஏ கொடுத்தாக வேண்டும். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள வண்டி எண்ணைப் படிக்கும் பார்வை, சிவப்பு பச்சை நிறங்களைப் பிரித்தறிதல், இரவுப் பார்வை, கேட்கும் திறன் ஆகியவற்றை மருத்துவர் அதில் எழுதிக் கையெழுத்திடுகிறார். நேரில் போகாமலே அந்தச் சான்றை வாங்கித் தருவதாகப் பள்ளியில் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டு, மருத்துவரிடம் நேரில் போய்க் கண்ணைக் காட்டினேன். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போகப்போகிறவரின் கண்ணைக்கூட யாரும் பார்க்காமல் விடுவது என்ன வழக்கமோ தெரியவில்லை.

இனி, பாராட்ட வேண்டியவை. பயிற்சி பழைய பேருந்தில்தான். இருக்கைகள் கிழிந்திருந்தாலும், விதி கேட்கும் இரட்டைக் கட்டுப்பாடு ஒழுங்காக வேலை செய்தது, மாஸ்டரின் காலடியில் தனி பிரேக்கும் கிளட்சும் இருந்தன. முதல் நாள் வண்டியை நகர்த்தவே விடவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்குக்கான காற்று (ஏர்) ஏறுவதை அழுத்தமானியின் முள்ளில் பார்க்கச் சொன்னார். எச்சரிக்கை ஒலி நின்று, காற்றழுத்தம் போதுமான அளவு வந்த பிறகே பார்க்கிங் பிரேக்கை எடுக்க வேண்டும் என்பதில் மாஸ்டர் கறாராக இருந்தார். கார் ஓட்டிப் பழகியவர்கள் தடுமாறும் இடம் திருப்பம். பேருந்தில் முன்சக்கரம் ஓட்டுநருக்குப் பின்னால் இருப்பதால், மூலையைத் தன் உடம்பு கடந்த பிறகும் பொறுத்துத்தான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். காரில் போல முன்கூட்டியே ஒடித்தால் பின்சக்கரம் நடைமேடையில் ஏறிவிடும். ஒடித்த பிறகு வால் மறுபக்கம் வெளியே வீசும் என்பதால், அந்தப் பக்கக் கண்ணாடியில் பைக் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். லாரிகள் நெருக்கியடித்து நிற்கும் செங்குன்றம் சாலையில், விடியற்காலையில், இதை அவர் திரும்பத் திரும்பச் செய்ய வைத்த பொறுமைக்கே கொடுத்த கட்டணம் தகும்.

ஆனால், போக்குவரத்து வாகனப் பயிற்சிக்கு 30 நாள் காலமும் 15 மணி நேரம் உண்மையாக ஓட்டுவதும் விதியில் உள்ளவை. காலை அணியில் சேர்பவருக்கு ஓட்டக் கிடைக்கும் நேரம் இதற்கு ஈடாக இருக்கிறது. மாலை அணியில் ஆள் அதிகம் என்பதால் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நேரமே மிகுதி. பயிற்சிப் பள்ளி தரும் பயிற்சிச் சான்றான படிவம் 5 இல்லாமல் உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியாது என்பதால், நேரம் குறைந்தாலும் மாணவர்கள் வாய்திறப்பதில்லை. சேரும்போதே காலை அணியைக் கேட்டு வாங்குவது நல்லது.

தேர்வு நாளுக்கான பேருந்து வாடகை தனி என்பது ரசீதில் இல்லை. எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழிந்த பிறகே தேர்வுக்குப் போக முடியும். வாடகைத் தொகையை அந்த இடைவெளியில், மற்றவர்களுக்குச் சொன்ன விலையையும் விசாரித்துக்கொண்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வு நடத்தும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன் வண்டி நிற்கும் காலையில் பேரம் பேச இடமிருக்காது.