மும்பையில் அலுவலகப் பயணம்: அந்தேரி கிழக்கா, ஃபோர்ட்டா?

மும்பைக்கு இரண்டு நாள் வேலையாகப் போகிறவர்களில் பலர், விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால் அந்தேரி கிழக்கில் அறை எடுக்கிறார்கள். சந்திப்புகள் அங்கேயோ பாந்த்ரா குர்லா வளாகத்திலோ என்றால் அது சரிதான். வாசலிலேயே ஆட்டோ கிடைக்கும். வேலை தெற்கில் இருந்தால் கதை வேறு. காலையில் தெற்கே சர்ச்கேட் போகும் மின்சார ரயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நசுங்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையின் ஆயுள் அந்தேரி நடைமேடை வரைதான்.

தெற்கு மும்பையில் இருக்கும் ஃபோர்ட்டில் தங்கினால் கூட்டத்துக்கு எதிர்த்திசை: காலையில் வடக்கே போகும் வண்டிகளில் நெரிசல் குறைவு. சர்ச்கேட்டுக்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்துக்கும் நடந்தே போகலாம். குறைகளும் உண்டு. பழைய கட்டடங்கள், சிறிய அறைகள். தெருப்பக்கம் ஜன்னல் என்றால் தூக்கம் சந்தேகம். ஆட்டோவுக்கு அங்கே அனுமதி இல்லை, டாக்சிதான்.

2025 அக்டோபரில் கஃப் பரேடு வரை முழுமையாகத் திறக்கப்பட்ட சுரங்க மெட்ரோ, விமான நிலையத்தையும் ஃபோர்ட்டையும் இணைத்துவிட்டது. அந்தேரியின் பெரிய சாதகம் அதோடு பாதியாகிவிட்டது என்பேன். ஆனால் விடிகாலை ஐந்து மணி விமானத்துக்கு மெட்ரோ உதவாது. அன்றைக்கு மட்டும் நான் அந்தேரிப் பக்கம்.