"கிராஃப்ட் பியர் இப்படித்தான் இருக்கும்" என்றால் நம்பாதீர்கள்

பயணம் போன இடத்தில் உள்ளூர் கிராஃப்ட் பியர் (சின்ன ஆலைகள் குறைந்த அளவில் காய்ச்சுவது) ருசிக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நாலு சின்ன கிளாஸ் வைத்த தட்டு ஒன்று கேட்டோம். லாகர் என்ற லேசான பியரில் வெண்ணெய் வாடை, ஸ்டவுட் என்ற கறுப்பு பியரில் வினிகர் புளிப்பு. கேட்டால், "கிராஃப்ட் பியர் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

சுத்தப் பொய். அந்த வெண்ணெய் வாடைக்குக் காரணம் டயசெட்டில் என்ற வேதிப்பொருள். நொதிக்கும்போது ஈஸ்ட்டே அதை உண்டாக்கும், கடைசியில் அதுவே உறிஞ்சியும் தீர்க்கும். அதற்குள் அவசரப்பட்டுக் குளிரவைத்தால் வாடை தங்கிவிடும். கெக் என்ற பியர் பீப்பாயிலிருந்து டேப்புக்கு வரும் குழாயில் பாக்டீரியா சேர்ந்தாலும் இதே வாடை வரும், கூடவே புளிப்பும் வரும். 14 நாளுக்கு ஒருமுறை காரக் (ஆல்கலி) கரைசல் ஓட்டிக் குழாயைக் கழுவ வேண்டும். கழுவும்போது குழாயில் நிற்கும் பியர் வீணாகும் என்பதால் பலர் நாளைத் தள்ளிப்போடுகிறார்கள்.

கோஸே, பெர்லினர் வைஸ் போன்ற ஜெர்மன் பியர் வகைகள் புளிக்கத்தான் வேண்டும், ஆனால் அவற்றில் வினிகர் நெடி மூக்கில் ஏறாது. சம்பந்தமே இல்லாத இரண்டு பியரில் ஒரே புளிப்பு இருந்தால் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதே பியர் கேனில் கிடைத்தால் ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கூட ஒருவர் இருப்பது இங்கே பெரிய பலம். சிலருக்கு டயசெட்டில் வாடை பிடிபடவே பிடிபடாது. தெரிந்த வாடையை ஆளுக்கு ஒரு தாளில் தனித்தனியாக எழுதிவிட்டு அப்புறம் பேசுங்கள். ஒருவர் முந்திச் சொல்லிவிட்டால் அடுத்தவர் மூக்கும் அதையே தேடும்.

ஃப்ரீசரில் வைத்த கிளாஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாக்கு மரத்துப்போனால் எந்தக் குறையும் தெரியாது. கிளாஸின் உட்சுவரில் குமிழிகள் ஒட்டி நின்றால் அதைச் சரியாகக் கழுவவில்லை. ஐபிஏ (ஹாப்ஸ் என்ற மணமூட்டும் பூ அதிகம் சேர்த்த பியர்) என்றால் கெக் எப்போது நிரப்பியது என்று கேளுங்கள். பழசானால் ஹாப்ஸ் மணம் போய், நனைந்த அட்டை வாடை வரும்.

லேசானதில் தொடங்கிக் கடுமையானதில் முடியுங்கள். 10 சதவீத ஸ்டவுட் 120 மில்லி என்பது 5 சதவீத லாகர் 240 மில்லிக்குச் சமம், அதனால் சின்ன கிளாஸ்தானே என்று வண்டியை எடுக்காதீர்கள்.

குறை தெரிந்தால் முதல் வாயிலேயே சொல்லி மாற்றிக் கேளுங்கள். பாதி குடித்த கிளாஸை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.