சிகரெட்டை விட்டவர் கையில் எண்ணப் பதிவு நோட்டு: ஓராண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

சிகரெட்டை விடுகிறவர்களை மனநல ஆலோசகர்கள் எழுதச் சொல்லும் எண்ணப் பதிவு நோட்டைப் பற்றிய பகிர்வு இது. விட்ட முதல் நாள் தொடங்கி பன்னிரண்டாம் மாதம் வரை அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று பார்ப்போம். புகைக்கும் ஆசையை இந்த நோட்டு குறைக்காது. அதற்கு நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். விட்டவர் ராத்திரி படுத்துக்கொண்டு தன்னைத்தானே திட்டிக்கொள்வாரே, அந்தத் திட்டைப் பிடித்து உட்காரவைத்து விசாரிப்பதுதான் இதன் வேலை. 1960-களில் பிலடெல்ஃபியாவில் மனநல மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வு நோயாளிகளின் மனதில் தானாக வந்து விழும் எண்ணங்களைக் கவனித்ததிலிருந்து வளர்ந்த முறை.

வாங்க வேண்டியது ஒரு கோடு போட்ட நோட்டும் பால்பாயின்ட் பேனாவும் மட்டும். சட்டைப்பையில் வியர்வை பட்டால் ஜெல் பேனா மை பரவிவிடும். தேதி அச்சடித்த டைரி மட்டும் வேண்டாம். எழுதாமல் விட்ட நாட்கள் வெற்றுப் பக்கமாக நின்று ‘இதையும் உன்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை’ என்று குத்திக்காட்டும். நோட்டைப் பாதியில் கைவிடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நோட்டை விரித்தால் வரும் இரண்டு பக்கமும் ஒரு சம்பவத்துக்கு. இடப்பக்கம் மூன்று கட்டம்: எங்கே, என்ன நடந்தது என்பது ஒன்று; என்ன உணர்வு, அது நூற்றுக்கு எத்தனை என்பது இரண்டு; மனதில் ஓடிய வாக்கியம் மூன்று. வலப்பக்கம் நான்கு: அந்த வாக்கியம் உண்மை என்பதற்கு ஆதாரம், இல்லை என்பதற்கு ஆதாரம், இரண்டையும் பார்த்தபின் சொல்லக்கூடியது, உணர்வுக்கு இப்போது எத்தனை மதிப்பெண். இடப்பக்கத்தை அந்த இடத்திலேயே இரண்டு நிமிடத்தில் எழுதிவிட வேண்டும். வலப்பக்கம் சாயங்காலத்துக்கு. சூடு தணியாமல் ஆதாரம் தேடினால் எல்லா ஆதாரமும் ஒரே பக்கம்தான் கிடைக்கும்.

முதல் பத்து நாள் வலப்பக்கத்தைத் தொடவே வேண்டாம். அப்போது வரும் எரிச்சல், அழுகை, தூக்கமின்மையில் பெரும்பங்கு நிக்கோட்டின் இல்லாத உடம்பின் தவிப்பு. முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு நான்கு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதை ‘என் சுபாவமே மோசம்’ என்று படிப்பதுதான் இந்தக் கட்டத்தின் தவறு. இன்னொன்றும் உண்டு. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் காபியின் கஃபீனைக் கல்லீரல் வேகமாகக் கழிக்கும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைகிறது. வழக்கமான நான்கு டம்ளர் காபியே எட்டு டம்ளர் அளவுக்கு ரத்தத்தில் தங்கக்கூடும். படபடப்பும் விழிப்பும் அங்கிருந்தும் வரலாம். காபியைப் பாதியாகக் குறைத்துவிட்டு மனதை விசாரிப்பது நியாயம். மனநோய்க்குத் தரும் ஓலான்சபைன், குளோசபைன் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே காரணத்தால் மருந்தளவு மாறக்கூடும் என்பதால், விடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நோட்டின் உண்மையான மதிப்பு தெரிவது சறுக்கிய நாளில். உளவியலாளர்கள் ஆலன் மார்லட்டும் ஜூடித் கார்டனும் 1985-இல் இதை விளக்கினார்கள்: பலரைப் பழைய பழக்கத்துக்கு முழுதாக இழுத்துக்கொண்டு போவது பிடித்த அந்த ஒரு சிகரெட் மட்டும் அல்ல, ‘என் புத்தியே இப்படித்தான், இனி விட்டு என்ன ஆகப்போகிறது’ என்று அதற்குப் பின் எழும் தீர்ப்பும்தான். அந்தத் தீர்ப்புக்கும் அடுத்த சிகரெட்டுக்கும் நடுவில் இருக்கும் சில மணி நேரத்தில்தான் நோட்டு தேவைப்படுகிறது.

ஒரு மாதிரிப் பக்கம். ‘டீக்கடை, மாலை 4.15. மேனேஜர் போனில் கத்தினார். பக்கத்தில் நின்றவரிடம் ஒன்று வாங்கிப் பற்றவைத்தேன். வெட்கம் 85. உருப்படாத பய, எதுக்கும் லாயக்கில்லை.’ இரவு 9 மணிக்கு வலப்பக்கம்: ‘ஆதாரம்: இன்று ஒன்று பிடித்தேன். எதிர் ஆதாரம்: முன்பு நாளைக்குப் பன்னிரண்டு. இந்தப் பத்தொன்பது நாளில் ஒன்று. பாதியில் மிதித்து அணைத்தேன். சாப்பிட்டபின் வரும் ஆசை நின்றே ஒரு வாரம் ஆகிறது. சொல்லக்கூடியது: திட்டு வாங்கிய சூட்டோடு டீக்கடைக்குப் போனதுதான் சிக்கல், அடுத்த முறை மாடிக்குப் போகலாம். வெட்கம் 45.’ வெட்கம் பூஜ்யமாகவில்லை, ஆகவும் வேண்டாம். நாற்பது குறைந்ததே அன்றிரவு பாக்கெட் வாங்கப் போகாமல் இருக்கப் போதும். கடைசி வாக்கியத்தில் ‘நான் மன உறுதி மிக்கவன்’ என்று எழுதினால் எண் அசையாது. எழுதியவருக்கே அதில் நம்பிக்கை இருக்காது.

அதிகம் தவறுவது இரண்டாவது, மூன்றாவது கட்டங்களில். ‘தோற்றுவிட்டேன்’ என்பதை உணர்வுக் கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். தமிழில் இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. பின்னால் ‘-ஆ இருக்கு’ சேர்ந்தால் உணர்வு: வெட்கமா இருக்கு, பயமா இருக்கு. ‘-ன்னு தோணுது’ சேர்ந்தால் எண்ணம்: தோத்துட்டேன்னு தோணுது. எண்ணத்துக்குத்தான் ஆதாரம் கேட்க முடியும். ‘ஏன் எனக்கு மட்டும் இப்படி?’ என்ற கேள்விக்கும் ஆதாரம் தேட முடியாது. அந்தக் கேள்விக்கு மனம் என்ன பதில் வைத்திருக்கிறதோ அதை எழுத வேண்டும். திட்டு எந்தச் சொல்லில் வந்ததோ அதே சொல்லில் எழுதுவது முக்கியம். நாகரிகப்படுத்தி ‘திறமையற்றவன்’ என்று எழுதினால் கடி போய்விடும். அப்படியே எழுதும்போது, அது சிறுவயதில் யார் வாயிலிருந்து கேட்ட சொல் என்பதும் பல நேரம் பிடிபட்டுவிடுகிறது.

இருபது நிமிடத்துக்கு மேல் எழுதினால் நோட்டு குற்றப்பத்திரிகை ஆகிவிடும். மூன்று முறை எழுதியும் எண் இறங்கவில்லை என்றால் மூடிவைத்துவிட்டு ஒரு நடை போய்வருவது மேல். வீட்டில் மற்றவர்கள் எடுத்துப் படிப்பார்கள் என்ற பயமிருந்தால் எழுத்து பொய்யாகும். அலுவலக டிராயரில் வைப்பது நல்லது.

இரண்டாம் மாதத்துக்கு மேல் திட்டின் பொருள் மாறும். எடை. புகையை விட்டவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடுகிறது. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே. பேன்ட் இடுப்பு இறுகியதும் ‘ஒன்றை விட்டு இன்னொன்றில் விழுந்தேன்’ என்ற வாக்கியம் வரும். அதற்கும் இதே ஏழு கட்டம்தான். அதே மாதத்தில் கடும் பத்தியமும் தொடங்குவது, தன்னைத் திட்ட இன்னொரு காரணத்தைத் தானே தேடிக்கொள்வது.

நோட்டுக்கு எட்டாத இடமும் உண்டு. இரண்டு வாரம் தொடர்ந்து, நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே கிடந்தால், எதிலும் நாட்டமில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-இல் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும். புகையை விட உதவிக்கு 1800-112-356.

ஆறாம் மாதத்துக்குப் பின் வாரம் ஒரு பக்கம் எழுதினாலே அதிகம். நோட்டு தீர்ந்து இரண்டாவதை எடுக்கும்போது பழைய புலம்பல்களைப் படியெடுக்க வேண்டாம். முதல் கட்டத்தில் எழுதிய இடங்களை மட்டும் எடுத்து முன் அட்டையின் உட்புறம் எழுதிவைக்கலாம். ஓராண்டு கழித்து அந்தப் பட்டியலில் பெரும்பாலும் மிஞ்சுவது எப்போதோ வரும் இடங்கள்தான்: கல்யாண மண்டபத்தின் பின்வாசல், சாவு வீட்டின் வாசல் பெஞ்சு, இரவுப் பேருந்து நிற்கும் நெடுஞ்சாலை டீக்கடை.