படகு ஏசி: நான்கு கோடைக்குப் பிறகு

நண்பர் ஒருவர் 26 அடி கேபின் படகு வாங்கியிருக்கிறார். ஏசி போடலாமா, எத்தனை பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. போன சனிக்கிழமைதான் என் படகின் அடிப்பகுதிக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, ஐந்து மணி நேரம் ஹோஸோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தேன்.

ஃப்ளோரிடாவில், டாம்பா விரிகுடாவில் நிற்கிறது படகு. பிடியூ கணக்கு சுலபம். கீழ்த்தள கேபினுக்குச் சதுர அடிக்கு 60, வெயில் படும் மேல்தளத்துக்கு 120 என்று தோராயமாகப் பெருக்குவார்கள். என் கேபின் 90 சதுர அடி. 6,000 பிடியூ போட்டேன். 10,000 போடச் சொல்லி ஒருவர் வற்புறுத்தினார், நல்லவேளை கேட்கவில்லை. தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டால் சட்டென்று குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரம் அப்படியே இருக்கும். இந்த ஊரில் வெயிலைவிடப் புழுக்கம்தான் கொடுமை. ஏசி வந்த பிறகு மெத்தையில் பூஞ்சை வாடை இல்லை, அலமாரியில் வைத்த தீப்பெட்டிகூட நமத்துப்போவதில்லை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

சரி, இப்போது பம்ப்.

படகு ஏசிக்கு வெளியே மின்விசிறி கிடையாது. பம்ப் தள்ளும் கடல்நீர் உள்ளே வந்து சூட்டை வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் கொட்டும். அந்தப் பம்ப் தானாக உறிஞ்சாது, வந்த தண்ணீரைத் தள்ள மட்டும்தான் தெரியும். அதனால் அது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கடல்நீர் உள்ளே வரும் அடித்துளையிலிருந்து வடிகட்டி, பம்ப், ஏசி என்று ஹோஸ் ஏறிக்கொண்டே போக வேண்டும். எனக்குப் பொருத்தியவர் இடையில் ஒரு சட்டத்துக்கு மேலே ஹோஸை ஏற்றி மறுபடி இறக்கியிருந்தார். அந்த மேட்டில் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். வேகமாக ஓட்டிவிட்டு வந்து ஏசியைப் போட்டால் பம்ப் சும்மா சுற்றும், சொட்டுத் தண்ணீர் வெளியே வராது, சில நிமிடத்தில் அழுத்தம் ஏறி ஏசி நின்றுவிடும். கீழே இறங்கி கிளாம்பைத் தளர்த்தி, புஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் பீச்சியதும் இறுக்க வேண்டும். சிறுவயதில் வயல் மோட்டாரில் ஏர் பிடித்தால் குடத்தில் தண்ணீர் ஊற்றியவன் நான். கடல் தாண்டி வந்தும் அதே வேலை!

பொருத்தியவரைக் கேட்டால், "எல்லாப் படகிலும் இப்படித்தான்" என்றார். மூன்று வருடம் நம்பினேன்.

கடற்புல் வடிகட்டியை அடைப்பது வேறு கதை, அதில் யார் மேலும் குற்றமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வால்வை மூடிவிட்டுக் கழுவுகிறேன். நீர் கொட்டும் துளையை நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் அவர் போட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஓரிரு அங்குலம் போதும். ராத்திரி முழுக்கக் குழாயை மூடாமல் விட்ட சத்தம். சென்னையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்த என் மனைவிக்கு அந்தச் சத்தத்தில் தூக்கமே வராது.

கரை மின்சாரம் இருந்தால்தான் இரவில் ஓட்டுவேன். நங்கூரமிட்ட இடத்தில் பெட்ரோல் ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

சனிக்கிழமை ஹோஸை மாற்றிய பிறகு இரண்டு முறை விரட்டி ஓட்டிப் பார்த்தேன், ஒருமுறைகூட ஏர் பிடிக்கவில்லை. ஆனாலும் நண்பருக்கு என் பதில்: வேண்டாம், ஒரு மின்விசிறியும் நிழல்துணியும் போதும். முழங்கைச் சிராய்ப்பு ஆறிய பிறகு கேட்டால் ஒருவேளை வேறு மாதிரி சொல்வேன்.